மறு: அசைபடச் ‘செல்’ – தெளிதாளா, தெள்ளேடா?

> ஊமைப்படக் காலக் கார்ட்டூன்களைச் சேகரிப்பது பற்றிய கட்டுரை. ‘செல்’ வருமிடத்தில் ‘தெளிதாள்’ போடலாமா?

ஐயா, வணக்கம்.

‘செல்’ என்பது கார்ட்டூனில் அசைவதை வரையும், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு ஏடு. அதற்குத் ‘தெளி’ சரி, ‘தாள்’தான் இடிக்கிறது. அந்தக் காலத்தில் நிஜமான தாளில் வரைந்த படங்களும் உண்டே! எமில் கோலின் ‘ஃபான்டாஸ்மகோரி’ (1908) முழுக்கத் தாள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்ததை நெகட்டிவாக அச்சிட்டதால் திரையில் சுண்ணக்கட்டிக் கோடாகத் தெரிகிறது. வின்சர் மெக்கேயின் டைனோசர் ‘கெர்ட்டி’யும் (1914) தாளில் வரைந்ததே. டைனோசர் ஒரு அடி நகர்ந்தாலும் பின்னாலிருக்கும் பாறை, மரம், ஏரி எல்லாவற்றையும் புதுத் தாளில் மறுபடி வரைந்தாக வேண்டும். அந்த வேலை உதவியாளர் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் தலையில் விழுந்தது. கோடு மயிரிழை விலகுவதால் அசையாத பாறையும் திரையில் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்காகவே இந்தப் படங்களைத் தேடி அலைபவர்கள் உண்டு. (எனக்கும் கொஞ்சம் அந்தக் கிறுக்கு உண்டு.)

செல்லுலாய்டு முறைக்கு அமெரிக்கக் கார்ட்டூன் கலைஞர் ஏர்ல் ஹர்ட் காப்புரிமை கேட்டதும் அதே 1914-இல்தான். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும். அசைவதை மட்டும் மேலே வைக்கும் தெளிந்த ஏட்டில் வரையலாம். ஏடு விலை கூடியது என்பதால் படம்பிடித்ததும் கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். ஆகவே ஊமைப்படக் கால ‘செல்’ அபூர்வம். கெர்ட்டியின் தாள்களோ நூற்றுக்கணக்கில் தப்பியிருக்கின்றன. நீங்கள் ‘கெர்ட்டி தெளிதாள்’ என்று எழுதினால், வாங்க நினைப்பவர் இல்லாத பொருளைத் தேடுவார்.

என் பரிந்துரை: செல் – தெள்ளேடு, தாளில் வரைந்தது – வரைதாள். பாலேட்டில் இருக்கிற அதே ஏடுதான். மெல்லியது, மேலே படிவது. ஓலைச்சுவடி ஞாபகம் வருமே என்பீர்கள், வரட்டும். ‘செல்’ என்றே விட்டால் கைபேசியும் உயிரணுவும் சண்டைக்கு வரும்.

அப்புறம், ‘மூலப் படச்சுருள்’ என்ற சொல்லைக் கட்டுரையில் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள். மூலம் 35 மி.மீ. அகல நைட்ரேட் பிலிம், எளிதில் தீப்பிடிக்கும், வீட்டில் வைக்கக்கூடாத சரக்கு. சேகரிப்பாளர் கைக்கு வருவது பெரும்பாலும் வீட்டில் போட்டுப் பார்க்கவென்று எடுத்த சிறு படிகள் (நகல்கள்): பாத்தே நிறுவனத்தின் 9.5 மி.மீ. (1922), கோடாக்கின் 16 மி.மீ. (1923). இவற்றை ‘வீட்டுப்படி’ என்கலாமா? வாசற்படியோடு குழம்பும் என்றால் வேறு சொல் தாருங்கள்.