மறுமொழி: பொறுப்புடைமையா, பொறுப்புக்கூறலா, கணக்கொப்புவிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

'அக்கவுண்டபிலிட்டி', அதாவது செய்த பணிக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை, என்பதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லைக் கொள்வது என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான். வந்த மடல்கள் எல்லாவற்றையும் இன்னொரு முறை படித்துவிட்டேன். இதுவரை ஆறு சொற்கள் வந்திருக்கின்றன: பொறுப்புடைமை, பொறுப்புக்கூறல், வகைகூறல், விடைக்கடப்பாடு, பதிலாண்மை, நான் முன்வைத்த கணக்கொப்புவிப்பு. நான் என் சொல்லைக் கைவிட்டு, யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன 'பொறுப்புக்கூறல்' பக்கம் வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்பதை எழுதினால்தான் மற்றவர்கள் மறுக்கவும் ஏற்கவும் வசதியாக இருக்கும். மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதும் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அந்தத் தேர்வின் பொதுப்பாட வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகி வரும். விடையை மட்டும் தமிழில் எழுதலாம். அதாவது, வினாவைப் படித்த கணத்தில் மாணவர் தாமே மொழிபெயர்ப்பாளராகவும் ஆகவேண்டும். இரண்டாம் தாளின் பாடத்திட்டத்தில் ஆளுகை, வெளிப்படைத்தன்மை ஆகியவற்றோடு இந்தச் சொல் நிற்கிறது. 2013-இல் சேர்க்கப்பட்ட நான்காம் தாளான அறவியல் தாளிலும் இருக்கிறது. தப்பிக்க வழியில்லை.

சென்ற மாதம் ஒரு பயிற்சி வினா கொடுத்திருந்தேன். 'ரெஸ்பான்சிபிலிட்டி', 'அக்கவுண்டபிலிட்டி' இரண்டையும் வேறுபடுத்தி எழுதவேண்டும். ஒரு மாணவியின் தாளில் முதல் வரி அழகாக இருந்தது: "பொறுப்பு என்பது ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி." அடுத்த வரியைப் 'பொறுப்பு' என்றே தொடங்கி அடித்திருந்தாள். மேலே 'பொறுப்புடைமை' என்று எழுதி அதையும் அடித்திருந்தாள். பக்கத்தில் 'பொறுப்புணர்வு', அதுவும் அடித்தல். கடைசியில் ஆங்கில எழுத்திலேயே அந்தச் சொல்லை எழுதி, "என்பது அந்தப் பணிக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை" என்று முடித்திருந்தாள். விளக்கம் முழுக்கச் சரி. பெயர்தான் கிடைக்கவில்லை. கலைச்சொல்லின் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் கூடுதலாகத் தரலாம் என்று தேர்வு விதி இருக்கிறது. ஆனால் தமிழ் வடிவம் முதலில் இருந்தால்தானே அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட முடியும்! அந்த மூன்று அடித்தல்களுக்கும் நாம்தான் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அன்று இரவே இழையைத் தொடங்கினேன்.

'பொறுப்புடைமை' நம் பாடநூல்களிலும் அலுவலகத் தமிழிலும் பழகிய சொல், அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது திருச்சிப் பேராசிரியர் அம்மாவின் கருத்து. பழகிய சொல்லை மாற்றக்கூடாது என்ற அவர் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த இடத்தில் உடன்பட முடியவில்லை. அன்புடைமை, அடக்கமுடைமை, பொறையுடைமை என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'உடைமை' என்றதும் ஒருவரிடம் இருக்கும் குணம்தான் நினைவுக்கு வரும். குணம் ஒருவருக்குள் இருப்பது. நாம் பெயர் தேடும் பொருளோ இருவருக்கு இடையில் நடப்பது. ஒருவர் கேட்கிறார், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மற்றவர் பதில் சொல்கிறார், சொல்லாமல் இருக்கும் உரிமை அவருக்கு இல்லை. சொன்ன பதில் சரியில்லை என்றால் ஒரு விளைவு உண்டு. கேட்பவர் இல்லாத இடத்தில் பொறுப்பு இருக்கலாம், இந்தப் பொருள் இருக்காது.

வகுப்பில் இதை இரண்டு பதவி விலகல்களை வைத்து விளக்குவேன். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு அதற்கு முன் நடந்த மகபூப்நகர் ரயில் விபத்தின்போதும் விலக முன்வந்தவர்தான்; அப்போது நேரு ஏற்கவில்லை. சாஸ்திரி தாமாகவே பொறுப்பை ஏற்றார். அது பொறுப்பேற்பு, அதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்தது நடந்தது 15 மாதத்துக்குள். அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கிய விவகாரத்தை 1957 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுப்பினார். ஆளும் கட்சி உறுப்பினரே கேட்ட கேள்வி அது. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. செய்தது நிதித்துறைச் செயலாளர் என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தரப்பு சொன்னதை ஆணையம் ஏற்கவில்லை. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பதில் சொல்லவேண்டும் என்றது. 1958 பிப்ரவரியில் அவர் விலகினார். கேள்வி, பதில், தீர்ப்பு, விளைவு என நான்கும் இதில் இருக்கின்றன. வேலையைக் கீழே ஒப்படைக்கலாம், பதில் சொல்வதை ஒப்படைக்க முடியாது என்பதும் இருக்கிறது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் 'பொறுப்புடைமை' என்ற ஒரே பெயரை வைத்தால் மாணவர் எப்படி வேறுபடுத்துவார்?

அலுவலகத் தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 'பொறுப்பு வட்டாட்சியர்', 'பொறுப்பு தலைமையாசிரியர்', 'கூடுதல் பொறுப்பு' என்று நாள்தோறும் பார்க்கிறோம். அங்கே 'பொறுப்பு' என்றால் தற்காலிகமாக இடத்தை நிரப்புவது. இப்படி ஏற்கெனவே இரண்டு மூன்று வேலை பார்க்கும் சொல்லை வெறும் 'உடைமை' சேர்த்து நான்காவது வேலைக்கும் அனுப்புகிறோம்.

நான் 'கணக்கொப்புவிப்பு' என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. தமிழில் இந்தக் கருத்து பிறந்த இடமே கணக்குதான். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், பொ.ஆ. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் 'கணக்குக் காட்டாதே இருந்தாரை'யும் அவர்களுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் பெயர் இடக்கூடாது என்று விலக்கிவைக்கின்றன. உறவினரைத் தண்டிப்பதை இன்று யாரும் ஏற்கமாட்டோம். என்றாலும் கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி பதவியில்லை என்ற விளைவை எழுதிவைத்தது எவ்வளவு தெளிவு! பழைய தமிழ் விவிலியத்தில் 'கணக்கொப்புவிப்பான்' என்றே வரும். 1972 அக்டோபரில் தி.மு.க. பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். 'கணக்குக் கேட்டார்' என்றால் இன்றும் ஊரில் எல்லாருக்கும் புரியும். ராஜஸ்தானில் கூலி கேட்டுப் போராடியவர்கள் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் செலவுச் சீட்டுகளைப் பொதுவில் படித்துக் காட்டச் செய்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிவிட்ட அந்த இயக்கத்தின் முழக்கம், எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான்.

இவ்வளவு இருந்தும் ஏன் விட்டேன்? பணம் இல்லாத இடத்துக்கு அந்தச் சொல் போகமறுக்கிறது. காவல் நிலையத்தில் ஒருவர் இறந்தால் யார் பதில் சொல்வது என்ற வினாவுக்கு விடை எழுதும்போது 'காவல்துறையின் கணக்கொப்புவிப்பு' என்று என் மாணவர் ஒருவர் எழுதினார். படித்ததும் எனக்கே மனம் ஒப்பவில்லை. செத்தவர் கணக்கில் வருகிறார், மனிதராக வரவில்லை.

இதே நேரத்தில் யாழ்ப்பாணத்து அண்ணனின் மடல் வந்தது. இலங்கையில் இது புதிதாகப் படைக்கவேண்டிய சொல்லே இல்லை, பத்திரிகையும் மேடையும் வீடும் அறிந்த சொல் என்று எழுதியிருந்தார். ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2012 முதல் வந்த இலங்கைத் தீர்மானங்களின் தலைப்பிலேயே நல்லிணக்கமும் பொறுப்புக்கூறலும் இருக்கின்றன. 2015 அக்டோபர் தீர்மானத்துக்கு இலங்கை அரசே இணை அனுசரணை கொடுத்தது, 2020 பிப்ரவரியில் விலகிக்கொள்வதாக அறிவித்தது. இந்தியா 2012-லும் 2013-லும் ஆதரித்து வாக்களித்தது, 2014-இல் வாக்களிக்காமல் விலகி நின்றது. அயலுறவு வினாக்களுக்காக என் மாணவர்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள். அதே நிகழ்வைக் கொழும்புப் பத்திரிகையில் 'பொறுப்புக்கூறல்' என்றும், நம் பாடக்குறிப்பில் 'பொறுப்புடைமை' என்றும் படித்துவிட்டு இரண்டும் வெவ்வேறு என்று நினைத்த மாணவர் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகத் தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்பது என்னவோ, அதன் பெயராக இந்தச் சொல் அங்கே பழகியிருக்கிறது. தமிழில் இதைவிட அதிகம் புழங்கித் தேய்ந்த சொல் இந்தப் பொருளுக்கு நமக்குக் கிடைக்காது. கடலுக்கு இந்தப் பக்கம் இன்னொன்றைப் புதிதாகச் செய்யவேண்டிய தேவை என்ன?

'கூறல்' வெறும் வாய்ப்பேச்சு, விளைவு அதில் இல்லையே என்று சேலத்து நண்பர் மறுத்திருந்தார். நியாயமான மறுப்பு. நான் சொல்வது: ஆங்கிலச் சொல்லிலும் விளைவு இல்லை, கணக்குச் சொல்வது மட்டும்தான் இருக்கிறது, விளைவைச் சட்டம் சேர்க்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 30 நாளில் தகவல் தரவேண்டும் என்பது கூறல். நியாயமான காரணமில்லாமல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் என்ற 20-ஆம் பிரிவு விளைவு. தண்டம் துறைக்கு இல்லை, அந்த அலுவலருக்கே. கூறலும் தண்டமும் தனித்தனிப் பிரிவுகளில் இருப்பதுபோல், தனித்தனிச் சொற்களாகவே இருக்கலாம்.

ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கவனித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபையில் நூறு நாள் வேலைக்கான சமூகத் தணிக்கை நடந்தபோது உட்கார்ந்திருந்தேன். வருகைப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தார்கள். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கையைத் தூக்கி, "என் பேருக்கு ஆறு நாள்னு படிச்சியே தம்பி, நான் நாலு நாள்தானே வந்தேன்? அந்த ரெண்டு நாளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். படித்தவர் பட்டியலைத் திருப்பிப் பார்த்தார், பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பந்தல் முழுக்க அமைதி. "சொல்லுப்பா" என்றார் பாட்டி மறுபடியும். பதில் சொல், கணக்குச் சொல், கணக்குக் காட்டு: மக்கள் பேச்சில் இந்தக் கருத்து எப்போதும் வினையாகத்தான் வருகிறது, அதிலும் சொல்வது என்ற வினையாக. 'கூறல்' அந்தப் பாட்டியின் 'சொல்லுப்பா'வுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சொல் வளைந்துகொடுக்கிறதா என்றும் பார்த்தேன். பொறுப்புக்கூறும் அரசு, பொறுப்புக்கூறாத அதிகாரம், அமைச்சரைப் பொறுப்புக்கூற வைத்தல், சமூகப் பொறுப்புக்கூறல், பொறுப்புக்கூறல் பொறிமுறை எல்லாம் இடறாமல் வருகின்றன. 'பதிலாண்மை'யில் எதிர்மறை வராது. 'வகைகூறல்' எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் வகுப்பில் பாதிப் பேர் வகைப்படுத்தல் என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவில் வரும் 'க்' என்ற ஒற்றெழுத்தை மட்டும் விடாதீர்கள்: 'பொறுப்பு கூறல்' என்று பிரித்து எழுதினால் கலைச்சொல் கலைந்து இரண்டு தனிச் சொல்லாகிவிடும்.

ஒரே ஓர் இடத்தில் எச்சரிக்கை வேண்டும். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிற அரசியலமைப்பின் 75(3) உறுப்பில் 'பொறுப்பு' என்பதே இருக்கட்டும். சட்ட வாசகத்தில் நாம் கைவைக்கக்கூடாது. ஆனால் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசியதை மொழிபெயர்ப்பவர்கள் யோசிக்கவேண்டும். நாடாளுமன்ற முறையில் நிலைத்தன்மை குறைவு, 'ரெஸ்பான்சிபிலிட்டி' அதிகம் என்று சொல்லிவிட்டு, அது அன்றாடம் அளக்கப்படுகிறது என்கிறார். அளவுகோலாகக் கேள்விகள், தீர்மானங்கள், நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம் ஆகியவற்றைச் சொல்கிறார். தேர்தலில் மக்கள் அளப்பது காலமுறை அளவீடு. அவர் பயன்படுத்திய சொல் எதுவானாலும் சொன்ன பொருள் பொறுப்புக்கூறல்தான். உரையை மொழிபெயர்க்கும்போது அந்தப் பத்தியில் அந்தச் சொல்லையே போடவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் ஒன்று தீராமல் இருக்கிறது. பொறுப்புக்கூறுபவர் யாரிடம் கூறுகிறாரோ, அந்தத் தரப்புக்குப் பெயர் வேண்டும். அரசுக் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கைத் தலைவரின் அறிக்கையை வைத்துத் துறைச் செயலாளர்களை அழைத்துக் கேட்கிற, நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அப்படியொரு தரப்பு. 1921-இல் தொடங்கிய அந்தக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவராக இருப்பது மரபு. கேட்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று அதிலேயே தெரியும். நீதிமன்றமும் அப்படி, கிராம சபையும் அப்படி. 'மன்றம்' என்றால் நீதிமன்றத்தோடு குழம்புகிறது. 'கேட்புத் தரப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் வங்கியின் 'கேட்பு வரைவோலை' (டிமாண்ட் டிராஃப்ட்) பழகியவர்களுக்குக் 'கேட்பு' என்றால் பணம் கோருவதாகவே படும். 'கேட்கும் அவை' என்றால் தனி ஒருவர் கேட்கும் இடத்துக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்து அண்ணன், அங்கே இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
மாலை வகுப்பு ஆசிரியன்