காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் குறையவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, எனக்கு இது கர்ப்பத்தின் 28-வது வாரம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 162, 140-க்குள் இருக்க வேண்டுமாம். சாப்பாட்டை மாற்றியதும் சாப்பிட்ட பிறகு எடுக்கும் அளவு 120-க்குள் வந்துவிட்டது, ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது, இன்றைக்கு 103. இரவு ஏழரைக்கு இரண்டு சப்பாத்தி, பாசிப்பயறு கூட்டு, அப்புறம் மொட்டை மாடியில் கொஞ்சம் நடை. சத்து என்று அம்மா ஆசையாகக் காய்ச்சித் தந்த கேழ்வரகுக் கூழில் ஒருநாள் 171 ஏறியது, நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் இன்சுலின் என்கிறார் டாக்டர். குழந்தைக்காகப் போட்டுக்கொள்வேன், ஆனாலும் ஊசியை நினைத்தாலே கை நடுங்குகிறது. படுக்கும் முன் சுண்டல், பால் மாதிரி ஏதாவது சாப்பிட்டு யாருக்காவது காலை அளவு குறைந்ததா? இன்சுலின் போட்டவர்கள் வயிற்றில் போட்டீர்களா, தொடையிலா?