தோட்டத்துச் சொந்தங்க குழு: பி0011 கோடு

கவிதா: மாமா, நம்ம 1.2 பெட்ரோல் வண்டில செக் இன்ஜின் லைட் எரியுதுங். திம்பம் ஏத்தத்துல இழுவையே இல்லீங். வண்டி நின்னு இன்ஜின் ஓடறப்ப ஆட்டம் குடுக்குது. ப்ளூடூத் ஸ்கேனர்ல பி0011. வொர்க்‌ஷாப்புல கேம் சென்சார் மாத்தோணும்ங்கறாங்க.

சுப்பு மாமா: மாத்தாதே அம்மிணி. சென்சார் சர்க்யூட் போச்சுன்னா பி0340 வரும். பி0011 வந்தா, இன்டேக் கேம், அதாவது காத்து உள்ள வர்ற வால்வைத் தொறக்கற தண்டு, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட கோணத்துக்கு வராம முன்னாடியே நிக்குதுன்னு அர்த்தம். அதைப் பார்த்துச் சொன்னதே அந்த சென்சார்தான்.

சுப்பு மாமா: லைட் நிலையா எரியுதா, மினுக்குதா? மினுக்குனா மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியா எரியலைன்னு அர்த்தம், ஓட்டாதே. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் வெந்துரும்.

கவிதா: நிலையாத்தானுங்.

தினேஷ்: கோடை அழிச்சுப் போடாதீங்க்கா. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல, கோடு விழுந்த நேரத்து அளவுல, என்ன இருக்குது?

கவிதா: ஆர்பிஎம் 780, கூலன்ட் 91 டிகிரி. வேற கோடு இல்ல தம்பி.

தினேஷ்: சூடான ஐடில்ல விழுந்திருக்குது. அப்ப கேம் ரிடார்டுல (வால்வு பிந்தித் தொறக்கற நிலை) இருக்கோணும். அட்வான்ஸ்ல (முந்தித் தொறக்கற நிலை) மாட்டிக்கிச்சுன்னா இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டு வால்வும் ஒட்டுக்கா தொறந்திருக்கிற நேரம் எச்சாகும், எரிஞ்ச புகை திரும்ப உள்ள வரும். ஆட்டம் அதுலதான். கோடு விழுந்ததும் பல வண்டில ஈசியூ வால்வு நேரத்தை மாத்தற விவிடியவே நிறுத்தி வெச்சுரும், ஏத்தத்துல இழுவை போறது அதனாலயும் இருக்கும்.

சுப்பு மாமா: மொதல்ல ஆயில். சமதரைல நிறுத்தி, ஆஃப் செஞ்சு 5 நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக் பாரு. போன சர்வீஸ் பில்லுல என்ன கிரேடுன்னும் பாரு.

கவிதா: கீழ்க்கோட்டுக்கும் கீழ இருக்குதுங். பில்லுல 20டபிள்யூ-40. மேனுவல்ல 0டபிள்யூ-20ன்னு போட்டிருக்குது.

சுப்பு மாமா: அட கெரகமே! கேமோட கோணத்தை மாத்தற ஃபேசரை நகர்த்தறதே ஆயில் பிரஷர்தான். கெட்டி ஆயில் அந்தச் சின்னத் துவாரத்துல சட்டுனு போகாது, சட்டுனு வடியாது. லெவலும் கம்மின்னா காத்தும் கலக்கும். ஆயில், ஃபில்டர் ரெண்டையும் மாத்து. ஊத்தற மூடியத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாரு, உள்ள கருப்பா மசி படிஞ்சிருந்தா ஓசிவியும் கழட்டோணும்.

கவிதா: படிஞ்சிருக்குதுங் மாமா.

தினேஷ்: ஓசிவின்னா ஆயில் கன்ட்ரோல் வால்வுக்கா. ஹெட்ல டைமிங் செயின் பக்கம், ரெண்டு பின் கனெக்டரோட உருளையா இருக்கும், ஒரு சின்ன போல்ட்தான். இன்ஜின் ஆறுனதும் கனெக்டரைப் புடுங்கி மல்டிமீட்டர் வைங்க. பல வண்டில 7, 8 ஓம் பக்கம் வரும், உங்க வண்டிக்கு மேனுவல் அளவுதான் கணக்கு. மீட்டர் அளவே காட்டாம நின்னா காயில் போச்சு. ஓம் சரியா இருந்தா கழட்டி, வலை ஃபில்டரை கார்ப் கிளீனர்ல கழுவுங்க. சில இன்ஜின்ல வலை தனியா ஒரு போல்ட்டுக்குள்ள இருக்கும், அதை விட்டுட்டாத்தான் கோடு திரும்ப வரும். பொறவு 12 வோல்ட் ஒரு செகண்ட் தொட்டு எடுங்க. உள்ள இருக்கிற ஸ்பூல், ஆயிலை வழி மாத்தி விடற உருளை, முழுசா நகர்ந்து, எடுத்ததும் திரும்பி வரோணும். கிளிக் சத்தம் கேட்டா மட்டும் பத்தாது, பாதில நிக்கற ஸ்பூலும் சத்தம் போடும். கரண்ட்டைப் புடிச்சே இருந்தா காயில் வெந்துரும். மாட்டறப்ப புது ஓ-ரிங் போட்டு ஆயில் தடவுங்க. போல்ட்டை ரொம்ப முறுக்காதீங்க, அலுமினிய ஹெட், மரை போயிரும்.

ராசு: வயரையும் பாருங்க மாப்ள. தோட்டத்துல நிக்கற வண்டி, எலி விட்டு வைக்காது.

தினேஷ்: வயர் அந்துருந்தா பி0010 வந்திருக்கும் மச்சான். இருந்தாலும் கனெக்டருக்குள்ள ஆயில் கசிஞ்சிருக்குதான்னு பார்த்துக்கலாம்.

கவிதா: இத்தனையும் செஞ்சும் திரும்ப வந்தா?

சுப்பு மாமா: கோடை அழிச்சுட்டு லைவ் டேட்டால கேட்ட கோணம், வந்த கோணம் ரெண்டையும் பாரு. ஆக்சிலேட்டர் குடுத்து விட்டதும் ரெண்டும் சேந்தே நகரோணும். இடைவெளி அப்படியே நின்னா ஃபேசர். காலைல ஸ்டார்ட் செஞ்சதும் ரெண்டு செகண்ட் கடகடன்னு சத்தம் வந்தாலும் ஃபேசரைப் பூட்டி வெக்கற லாக் பின்னைத்தான் சந்தேகப்படோணும். கூட பி0016 வந்தா செயின் நீண்டிருக்கலாம், இல்லாட்டி பல்லு தாண்டியிருக்கும். அப்ப ஓட்டாதே, கவரைத் தொறந்து டைமிங் மார்க் பார்க்காம விடக்கூடாது.

கவிதா: ஆயில் எத்தன லிட்டர் வாங்கட்டுங்?

சுப்பு மாமா: மேனுவல்ல ஃபில்டரோட சேத்துன அளவு இருக்கும். அதுல அரை லிட்டர் கம்மியா ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி ஆஃப் செஞ்சு, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து மேக்கொண்டு ஊத்து. மேல்கோட்டைத் தாண்டக்கூடாது.