ஆய்வகம் இல்லாத பள்ளியில் உயிரியல்: எதிலிருந்து தொடங்கலாம்?

தேவகோட்டைப் பக்கத்து வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஜூன் மாதம்தான் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் 41 பிள்ளைகள். ஆய்வகம் என்று ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஒரு நுண்ணோக்கி, அப்புறம் ஃபார்மலினில் வெளுத்துப்போன ஒரு தவளை. அவ்வளவுதான்.

"ஒட்டுண்ணி என்றால் என்ன?" என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளதை ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்கிறார்கள். அதே பிள்ளைகள் இடைவேளையில் வேலியில் இருக்கும் ஓணானைக் கல்லால் அடிக்கிறார்கள். போன வாரம் ஒன்று செத்துக் கிடந்தது. எனக்கு மனசு ஆறவில்லை. சின்ன வயதில் எங்கள் ஐயா கண்மாய்க் கரையில் என்னைத் தோளில் தூக்கிவைத்து ஒவ்வொரு கொக்காகக் காட்டுவார். அந்த ஆசையில்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன்.

வாரம் ஒரு பீரியட் வெளியே அழைத்துப் போகத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். செலவில்லாமல் எதிலிருந்து தொடங்கலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் டீச்சர் (ஓய்வு)

தம்பி, 31 வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். உங்கள் கேள்வியிலேயே ஓணான் இருக்கிறதே, அங்கேயே தொடங்குங்கள்.

"அடிக்காதே" என்று நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் கேட்பார்கள். வேலை கொடுத்தால்தான் கை நிற்கும். நாலைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு துண்டு வேலியைக் கொடுங்கள். பள்ளி தொடங்கும் முன், மதியம், விடும் நேரம் என்று மூன்று வேளை பார்க்கட்டும். ஓணான் வெயிலில் இருக்கிறதா நிழலிலா, தரையிலிருந்து எத்தனை சாண் உயரம், என்ன நிறம் என்று எழுதினால் போதும். காலையில் வெயில் காய்வதும் உச்சிப் பொழுதில் நிழலுக்குள் போவதும் நாலாம் நாளே அவர்கள் தாளில் தெரிந்துவிடும். அப்புறம் "குளிர் இரத்தப் பிராணி" என்று பலகையில் எழுதுங்கள். சொல் கடைசியில் வரட்டும்.

கழுத்து சிவந்த ஓணான் ரத்தம் உறிஞ்சும் என்று எங்கள் பிள்ளைகளும் சொல்வார்கள். அடிப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். அது இனப்பெருக்கக் காலத்து ஆண். பெண்ணைக் கவரவும் இன்னொரு ஆணை விரட்டவும்தான் அப்படிச் சிவந்துகொண்டு தலையை ஆட்டுகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்தது கறிவேப்பிலை. எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி கடுகளவில் வெளிர்மஞ்சள் முட்டையைக் கொழுந்தில் ஒட்டிவைக்கும். அந்தக் கொம்பை ஒடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள். தினம் புது இலை போடணும், எச்சத்தைத் தட்டிவிடணும். ஈரம் தங்கினால் புழு செத்துப்போகும். முதலில் காக்கா எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருப்பது, கடைசித் தோல் உரித்ததும் இலைப்பச்சை ஆகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஆரஞ்சுக் கொம்பு நீட்டி ஒரு நெடியை விடும். தினம் ஸ்கேலால் நீளத்தை அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் எட்டு பாட்டில் வைத்தோம். ஏழு முட்டையிலிருந்தே வளர்த்தவை. எட்டாவது, செடியிலேயே கூட்டுப்புழுவாக இருந்ததை ஒரு பெண் கொம்போடு கொண்டுவந்தது. ஏழிலும் வண்ணத்துப்பூச்சி வந்தது. எட்டாவது கறுத்துப்போய், ஓட்டை விழுந்து, கொசுவைவிடச் சின்னக் குளவிகள் திமுதிமுவென்று வெளியே வந்தன. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். பாடத்தை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகை அடங்கியதும் அவளே கேட்டாள்: "டீச்சர், இது எப்ப உள்ள போச்சு?" எந்தப் பாடக்குறிப்பு எழுதியும் அந்தக் கேள்வியை நான் வரவழைத்திருக்க முடியாது. பாட்டிலுக்குள் இருந்த ஏழும் தப்பித்தன, வெளியே இருந்தது தப்பிக்கவில்லை, அப்படியென்றால் செடியில் இருந்தபோதுதான் என்று பிள்ளைகளே பேசி முடிவுக்கு வந்தார்கள். கூட்டுப்புழுவின் தோல் இறுகுவதற்கு முன்னால் தாய்க்குளவி முட்டையை உள்ளே குத்திவைத்துவிடும் என்பதை மட்டும் நான் சொன்னேன். அந்த வகுப்பில் யாருக்கும் ஒட்டுண்ணிக்கு விளக்கம் மனப்பாடம் செய்யும் தேவை வரவில்லை.

மூன்றாவதுக்கு ஐப்பசி மழை வரட்டும். குடிதண்ணீர் ஊருணி என்றால் பிள்ளைகள் கால் நனைக்காமல், படியில் நின்று ஒரு செம்பு மொண்டு வாருங்கள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் வெட்டி வெட்டி ஓடும். நுண்ணோக்கியில் ஒற்றைக் கண்ணும், பெண்ணாக இருந்தால் இரண்டு பக்கமும் முட்டைப் பையும் தெரியும். அதுதான் சைக்ளாப்ஸ். நரம்புச் சிலந்தி என்ற ஒட்டுண்ணிப் புழுவின் இளம்புழு இதற்குள் இருந்துதான் குடிதண்ணீரோடு மனிதருக்குள் போனது. ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் உடைந்து நூல் போல வெளியே வரும். அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கினால் இளம்புழுக்கள் மறுபடி தண்ணீருக்குள். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, கொல்லும் மருந்தும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டியும், இறங்கி மொள்ளும் கிணறுகளை மாற்றியும்தான் ஒழித்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டது என்று சான்று கொடுத்தது.

"வீட்டில் அப்பத்தாவைக் கேட்டு வாங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு பையன், தன் அப்பத்தா சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலில் தழும்பைக் காட்டியதாகவும், தினம் கொஞ்சமாகக் குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்ததாகச் சொன்னதாகவும் வந்து சொன்னான். வகுப்பே அமைதியாகிவிட்டது.

கொள்ளுகுடிப்பட்டிக்காரன்

டீச்சரம்மா சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்ல. தை மாதம் பிள்ளைகளை எங்கள் ஊருக்கு அழைத்து வாருங்கள் சார். திருப்பத்தூரிலிருந்து பக்கம்தான். எங்கள் கண்மாய்களும் வேட்டங்குடிப்பட்டிக் கண்மாயும் சேர்ந்து 1977-இல் சரணாலயமானது. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு நாங்கள் வெடி போடுவதில்லை. இதைப் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயாலேயே கேட்கட்டும்.

நத்தை குத்தி நாரையின் அலகை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். சரணாலயத்துக்குள் எதையும் எடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் ஊர் வயலோரம் கிடக்கும் நத்தை ஓட்டைப் பொறுக்கிப் பாருங்கள். ஓடு உடையாமல் இருக்கும், உள்ளே சதை இருக்காது. எப்படி எடுத்தது என்று பிள்ளைகள் மண்டையைப் போட்டு உடைக்கட்டும். கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குச் சமம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கானாடுகாத்தான் வளவு

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கூகை இருக்கும். அது எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் கட்டைவிரல் கனத்துக்கு உருண்டையாகக் கக்கிவிடும். எங்கள் வளவில் மூன்றாம் கட்டுத் தாழ்வாரத்தில் கிடந்ததை என் மகளோடு பிரித்துப் பார்த்தேன். முன்பல் மஞ்சளாக, அதற்கப்புறம் இடைவெளி விட்டுக் கடைவாய்ப்பல் என்றால் எலி. ஊசி ஊசியாகப் பல் வரிசை இடைவெளி இல்லாமல் இருந்தால் மூஞ்சூறு. கூகை கத்தினால் சாவு என்று பயந்துகொண்டிருந்தவள், இப்போது எத்தனை மண்டையோடு என்று எண்ணுகிறாள்.

கவனமும் வேண்டும். உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி, ஓவன் அடுப்பில் 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வைத்துவிட்டுத்தான் பிரிக்கணும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். வௌவால் எச்சம் மண்டிய அறைக்குள் பிள்ளைகளை விடவே கூடாது. குஞ்சு இருக்கும் நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தேவகோட்டைப் பக்கத்து வாத்தியார்

டீச்சரம்மா, ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஓணான் தாள் 10 குழுவும் எழுதுகிறார்கள். கல்லெறிதல் முழுசாக நிற்கவில்லை, ஆனால் எறிகிறவனை இன்னொருவன் "அது எங்க வேலி ஓணான்டா" என்று சண்டைக்குப் போகிறான். நேற்று முதல் வண்ணத்துப்பூச்சி வந்தது. சிறகு காயும்வரை ஒருவரும் சத்தம் போடவில்லை.

இப்போது ஒரு விஷயம். ஒரு பாட்டிலில் கூட்டுப்புழு பச்சையாக இருக்கிறது, இன்னொன்றில் பழுப்பு. பச்சை, கொழுந்துக் கொம்பில் ஒட்டியிருந்தது. பழுப்பு, காய்ந்த குச்சியில். காரணம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கே எழுதிவிடாதீர்கள். பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். இன்று காலைதான் காய்ந்த குச்சி போட்டு மூன்று, பச்சைக் கொம்பு போட்டு மூன்று என்று ஆறு பாட்டில் புதிதாக வைத்திருக்கிறார்கள்.