என்எஸ்எஸ் கேம்ப் முடித்தவன் கிராம சபையில் பேசலாமா?

வாளிக்கணக்கு:
பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு. தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போகிறேன். எங்கள் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) 7 நாள் முகாம் இந்த முறை எங்கள் ஊரிலேயே நடந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி சீமைக் கருவேலம் வெட்டினோம், சுண்ணாம்பு அடித்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். தொட்டி வால்வு மட்டும் இன்னும் ஒழுகுகிறது. 20 லிட்டர் வாளியை வைத்து போனில் நேரம் பார்த்தேன். 4 நிமிடத்தில் நிரம்பிவிட்டது. ராத்திரி பகலாக ஒழுகினால் ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். ஆகஸ்ட் 15 கிராம சபையில் சொல்லலாம் என்றிருக்கிறேன். அப்பா "படிக்கிற வேலையைப் பாரு" என்கிறார். என்எஸ்எஸ் சாரிடம் கேட்டால், அரசியல் வேண்டாம்ப்பா என்கிறார். வால்வில் என்ன சார் அரசியல்? எனக்குப் பேச உரிமை உண்டா, இல்லையா?

பழைய வார்டு:
தம்பி, ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீயும் கிராம சபை உறுப்பினர்தான். முதலில் அதைப் பார். வார்டு உறுப்பினராக அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்: வாயால் சொன்னால் "பாத்துக்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். வாளிக் கணக்கைத் தாளில் எழுதி 2 பிரதி எடு. ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கு. கூட்டத்தில் தீர்மானமாகப் பதியச் சொல். பதிந்ததை வாசித்துக் காட்டும் வரை எழுந்து வராதே. டீ வந்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும், ஜாக்கிரதை.

சுண்ணாம்பு வாளி:
நானும் ஒரு கல்லூரியில் என்எஸ்எஸ் திட்ட அலுவலர்தான். உங்கள் சாரை ரொம்பத் திட்டாதீர்கள். வருடத்துக்கு 120 மணி நேரம், ஒரு முகாம் என்றுதான் எங்களிடம் கணக்குக் கேட்கிறார்கள். மாணவன் யாரிடம் என்ன கேட்டான் என்று எழுத பதிவேட்டில் கட்டமே கிடையாது. ஜனவரி 25 வாக்காளர் தினத்தில் பிள்ளைகள் கணீரென்று உறுதிமொழி எடுத்தார்கள். எடுத்த கையோடு, வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தவர்கள் யார் என்று கேட்டேன். 43 பேரில் 9 கை. 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அங்கேயே போனை எடுக்கச் சொல்லி நிரப்ப வைத்தேன்.

வாளிக்கணக்கு:
நன்றி அக்கா, நன்றி சார். பட்டியலைப் பார்த்தேன். அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், நான் இல்லை! வெட்கமாகத்தான் இருக்கிறது. படிவம் 6 இப்போதுதான் போட்டேன். ஆகஸ்ட் 15-க்குள் பேர் ஏறாவிட்டால் தாளை அம்மா பேரில் கொடுப்பதாகப் பேச்சு. அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தன் கண் எதிரே இன்னொரு தடவை வாளி வைக்க வேண்டுமாம்.