மூடுபனியில் முள்ளெலி: ரஷ்ய மொழி தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுப் பிள்ளைகளுக்கு, வருகிற போயா விடுமுறையன்று ஒரு படம் போட்டுக்காட்ட ஆசை. ரஷ்ய இயக்குநர் யூரி நோர்ஷ்டெய்ன் 1975இல் எடுத்த 'மூடுபனியில் முள்ளெலி'. பத்து நிமிடக் கார்ட்டூன்தான்.

கரடிக்குட்டியோடு நட்சத்திரம் எண்ண, ராஸ்பெரி ஜாம் பொதியோடு போகிற முள்ளெலி, வழியில் வெள்ளைக் குதிரையைக் கண்டு பனிக்குள் இறங்கித் தொலைந்துபோகிறது. குதிரை படுத்தால் பனியில் மூச்சு முட்டுமோ என்று அது யோசிக்கும் இடத்தில் என் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பனியை, காட்சியின் மேல் வைத்த மெல்லிய தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கமெராவை நோக்கி உயர்த்தியே உண்டாக்கினார்கள். எவ்வளவு பொறுமை!

படம் ரஷ்ய மொழியில்; அடியில் ஓடும் ஆங்கில வரிகளை வாசிக்கச் சின்னப் பிள்ளைகளால் ஏலாது. அதனால் அவற்றைப் பார்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன், நாலு பக்கம்கூட வராது. ரஷ்யாவில் படித்துத் திரும்பிய யாராவது மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தருவீர்களா? முக்கியமாக, கடைசியில் கரடிக்குட்டி படபடவென்று பேசுவது. அதில் கோபமும் பயமும் பாசமும் ஒன்றாக இருக்கின்றன, என் தமிழில் அது வரவில்லை.

அப்புறம், ஒரு பின்னேரத்துக்குப் புரொஜெக்டர் இரவல் தரக்கூடியவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.