பழைய போர் விமானங்கள் பத்தி நல்ல புக் சொல்லுங்களேன் (விங்ஸ்பேன், ஸ்பீடு லிஸ்ட் போட்ட புக் வேணாம்)

சூலூர்_பையன்:
எங்கப்பா ஏர்ஃபோர்ஸ்ல ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் (விமானத்து பாடிய ரிப்பேர் பாக்கற ஆள்), 80கள்ல அஜீத் விமானத்துல வேலை பார்த்தவர். ஸ்கூல்ல இதை சொன்னாலே பசங்க தல தலன்னு கத்துவானுங்க, டேய் அது நாட்-ங்கற பிரிட்டிஷ் குட்டி ஃபைட்டரோட நம்ம வெர்ஷன்டா, பெங்களூர்ல ஹெச்.ஏ.எல். பண்ணதுடான்னா எவன் கேட்டான். ரிடையர் ஆகி வந்தப்புறமும் ராத்திரி சாப்பிடறப்ப தட்டுல சோத்தை ஒதுக்கி இது விங்கு, இது டாங்க், உள்ள கை நுழையற சந்து இவ்ளோதான்னு விரல் வச்சு காட்டுவார், முழங்கைக்கு கீழ பேனல் விளிம்பு கிழிச்ச தழும்பு ஒண்ணு இருந்துச்சு. போன வருஷம் தவறிட்டார். அப்ப ஒழுங்கா உக்காந்து கேக்கலையேன்னு இப்ப தோணுது.

பிளாட்பாரத்துல வாங்கினதெல்லாம் படமும் நம்பரும்தான். உள்ள உக்காந்தவன் பேசற மாதிரி புக் வேணும். அக்னிச் சிறகுகள் படிச்சாச்சு, எம்.ஐ.டி.ல நிறுத்தி வச்ச ரெண்டு பழைய விமானத்து மேல கலாமுக்கு வந்த இழுப்பும், டேராடூன்ல ஏர்ஃபோர்ஸ் செலக்ஷன்ல எட்டு பேர் எடுக்கற எடத்துல அவர் ஒம்பதாவதா வந்ததும் எனக்கு மனப்பாடம். அதுக்கு மேல?

பழையபேப்பர்:
அப்பாவுக்கு அஞ்சலி தம்பி. யோசிக்காம ஜெஃப்ரி வெல்லம் எழுதின 'ஃபர்ஸ்ட் லைட்' வாங்குங்க. ஸ்கூல் முடிச்ச கையோட ஆர்.ஏ.எஃப்.ல (பிரிட்டிஷ் ஏர்ஃபோர்ஸ்) சேந்தவர், 1940ல 92வது ஸ்குவாட்ரனுக்கு போறப்ப வயசு 18, அதுவரைக்கும் அவங்க ஓட்டற ஸ்பிட்ஃபயர் ஃபைட்டரை ஓட்டினதே கிடையாது. அங்க போய் இறங்கினதும் சி.ஓ. (ஸ்குவாட்ரன் தலைமை அதிகாரி) கிட்ட டோஸ் வாங்கறார், அந்த சி.ஓ. யாருன்னா ரோஜர் புஷல், கொஞ்ச நாள்லயே பிரான்ஸ்ல டன்கர்க் பக்கம் விழுந்து ஜெர்மன்காரன் கிட்ட மாட்டி, பின்னாடி கேம்ப்ல சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பிச்சாங்களே அந்த பிளானோட மூளை, 1944ல சுட்டுக் கொன்னுட்டாங்க. இப்படி பெரிய ஆளுங்கல்லாம் சும்மா வாசல்ல வந்து நின்னுட்டு போற மாதிரி போயிடுவாங்க, காலைல கூட டீ குடிச்சவன் சாயங்காலம் இல்ல, அதுக்கு வெல்லம் ரெண்டு வரிக்கு மேல அழறதும் இல்ல. 21 வயசுக்குள்ள ஆள் ஓஞ்சு போயிடறார். நோட்டுல எழுதி வச்சது 2002ல தான் புக்கா வந்துச்சு, அப்ப அவருக்கு 80. அவ்ளோ நாள் ஊறினதாலயோ என்னவோ எங்கயும் மார் தட்டல் இல்ல.

கிரவுண்ட்_ரன்:
அப்பா அஜீத் ஆளுன்னா நாட் கதைல தான் ஆரம்பிக்கணும் ப்ரோ. ஜெகன் மோகனும் சமீர் சோப்ராவும் எழுதின 'தி இந்தியா-பாகிஸ்தான் ஏர் வார் ஆஃப் 1965'. நம்மாளு பத்து சுட்டான்னு ஒரு பக்கம், அவங்காளு இருபது சுட்டான்னு இன்னொரு பக்கம் கதை விடுவாங்கல்ல, இவங்க ரெண்டு பேரும் எது நிஜமா விழுந்துச்சு எது புகையோட வீடு போய் சேந்துச்சுன்னு தோண்டி தோண்டி பாத்திருக்காங்க. செப்டம்பர் 3 அன்னைக்கு ட்ரெவர் கீலர் நாட் விமானத்துல போய் ஒரு சேபரை (பாகிஸ்தானோட ஃபைட்டர்) சுட்டார்னு ஊரே கொண்டாடின அதே நாள் இன்னொரு நாட் பாகிஸ்தான்ல பஸ்ரூர்ல போய் இறங்கிடுச்சு, இன்னைக்கும் கராச்சி மியூசியத்துல நிக்குது. இதை எந்த ஸ்கூல் புக்ல போடுவான்? நாட் விமானத்தோட 30 மி.மீ. பீரங்கி சண்டை நடுவுல ஜாம் ஆகிற தொல்லையெல்லாம் படிக்கறப்ப உங்கப்பா மாதிரி ஆளுங்க ராத்திரி பூரா என்ன திட்டு வாங்கிருப்பாங்கன்னு தோணும்.

உங்க பேர்லயே சூலூர் இருக்கே, தெரியும்ல? 1971 டிசம்பர் 14ல ஸ்ரீநகர்ல குண்டு விழுந்துட்டு இருக்கறப்பவே நாட் விமானத்தை கிளப்பிட்டு போய் செத்தாரே நிர்மல்ஜித் சிங் சேகோன், ஏர்ஃபோர்ஸுக்கு கெடச்ச ஒரே பரம்வீர் சக்ரா, அவரோட 18வது ஸ்குவாட்ரன்தான் 2020ல தேஜஸோட சூலூர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க.

இன்னொரு சப்ஜெக்ட், லிபரேட்டர். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு வெள்ளக்காரன் போறப்ப கான்பூர்ல இந்த லிபரேட்டர் (பி-24) குண்டு விமானங்களை அடிச்சு நொறுக்கி, இன்ஜின்ல மண்ணை போட்டு காயலான்கடை சரக்கா விட்டுட்டு போயிட்டான். நம்மாளுங்க அதுல ஒண்ணோட பார்ட்டை கழட்டி இன்னொண்ணுல மாட்டி ஒப்பேத்தி, ஜிம்மி முன்ஷின்னு ஹெச்.ஏ.எல். டெஸ்ட் பைலட் ஒண்ணொண்ணா பெங்களூருக்கு ஓட்டிட்டு வந்தார். 1968 வரைக்கும் பறந்துச்சு. லண்டன் மியூசியத்துல இப்ப நிக்கற லிபரேட்டர் நாம கொடுத்தது, ஒடச்சவனுக்கே ரெடி பண்ணி பரிசு. இதுக்கு மட்டும் தனியா ஒரு புக் யாராச்சும் தமிழ்ல எழுதணும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
ஜப்பான் ஃபைட்டர் பைலட் சபுரோ சகாய் கதை, 'சாமுராய்', யாருமே சொல்லலையா? 1942 ஆகஸ்ட் 7, பசிபிக்ல குவாடல்கனால் தீவு மேல, முன்னாடி போறது ஃபைட்டர்னு நெனச்சு பின்னாடி போய் ஒட்டறார், பாத்தா எல்லாம் பின்பக்கம் துப்பாக்கி வச்ச பாம்பர். மண்டைல குண்டு, ஒரு கண்ணு போச்சு, மூஞ்சி பூரா ரத்தம். அப்படியே தன்னோட ஜீரோ ஃபைட்டரை நாலு மணி 47 நிமிஷம் ஓட்டிட்டு ரபவுல்ல இருந்த அவங்க தளத்துக்கு வந்து சேர்றார். நான் டூட்டில படிச்சு போன் அடிச்சது கூட காதுல விழல.

பழையபேப்பர்:
அந்த பயணம் நிஜம், ஒத்துக்கறேன். ஆனா புக்கை எழுதினது மார்ட்டின் கெய்டின், மசாலா கொஞ்சம் தூக்கல், அவர் சுட்டது 64 விமானம்ங்கற கணக்கை அப்படியே நம்பாதீங்க. வெல்லத்தை படிச்சிட்டு இதை எடுத்தா வித்தியாசம் நாக்குல தெரியும்.

ராத்திரி_ஷிஃப்ட்:
மசாலா இருந்தா என்ன சார், பிரியாணி பிரியாணிதானே. பின்னாடி சகாய் அமெரிக்கா போய் தன்னை சுட்ட கன்னர்ல ஒருத்தரையே பாத்து பேசிட்டு வந்தார், அந்த மனுஷனுக்காகவாவது படிக்கலாம்.

உப்புவெளியான்:
நான் திருகோணமலை. மைக்கேல் டொம்லின்சன் எழுதின 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் மோமென்ட்' எண்டு ஒரு புத்தகம் இருக்கு, 1976ல வந்தது, கிடைச்சா விடாதேங்கோ. 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு கொழும்பிலயும் 9ம் திகதி எங்கட ஊரிலயும் ஜப்பான்காரன் குண்டு போட்ட கதை. கொழும்புத் தாக்குதலுக்கு முதல் நாள் கொக்கலையில இருந்து கட்டலினா எண்ட கடல் விமானத்தில போன பேர்ச்சல் எண்ட கனடாக்காரன் ஜப்பான் கப்பல் படையைக் கண்டு வயர்லெஸ்ஸில அறிவிச்சுப்போட்டுத்தான் விழுந்தவர், சண்டை முடியுமட்டும் ஜப்பானில சிறை. கொழும்பில குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கி ஹரிக்கேன் சண்டை விமானங்களை ஒளிச்சு வச்சிருந்தவை. ஹேர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலுக்க தாண்டு இப்பவும் கிடக்கு, சுழியோடிப் பாக்க வெளிநாட்டு ஆக்கள் வருவினம். எங்கட எண்ணெய்க் குதத்தில விமானம் விழுந்து எரிஞ்ச தாங்கியும் அப்பிடியே உருகிப்போய் நிக்குது.

ஒண்டு சொல்லோணும், குறை நினைக்காதேங்கோ. 2006ல மூதூர்ப் பக்கம் அம்மம்மா வீட்டில நிக்கேக்க கிபிர் (இலங்கை விமானப்படையின்ர குண்டு போடுற ஜெட்) வந்தது. சத்தம் பிறகுதான் வரும், முதல்ல நாய்தான் கட்டிலுக்குக் கீழ ஓடினது. அம்மா இண்டைக்கும் மா இடிக்கிற சத்தத்துக்கு அண்ணாந்து பாப்பா. அதால எனக்கு இந்தப் புத்தகங்களை வாசிக்க விருப்பம், ஆனா எல்லாம் மேல இருந்தவன்ர கதை. கீழ நிண்டவன்ர கதை ஆரும் எழுதினவையோ?

கிரவுண்ட்_ரன்:
அண்ணா, லென் டெய்ட்டனோட 'பாம்பர்' படிச்சிருக்கீங்களா? 1970ல வந்த நாவல். ஒரே ஒரு நாள்தான் கதை, 1943 ஜூன் 31, அப்படி ஒரு தேதியே கெடையாது, வேணும்னே வச்சிருக்கார். லங்காஸ்டர்-ங்கற பிரிட்டிஷ் குண்டு விமானம் கிளம்பறதுல இருந்து திரும்பறது வரைக்கும் ஒரு பக்கம், ஜெர்மன் நைட் ஃபைட்டர் இன்னொரு பக்கம், நடுவுல ஆல்ட்கார்ட்டன்னு ஒரு சின்ன ஊர். போட வேண்டியது கிரெஃபெல்ட் நகரம் மேல, அடையாள வெளிச்சம் தப்பா விழுந்து இந்த ஊர் மேல கொட்டிடறாங்க. பாதி புக் தரைல தான் நடக்குது. படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு மாடல் கிட் பெட்டிய திறக்க மனசு வரல.

உப்புவெளியான்:
நன்றி தம்பி. தேடிப் பாக்கிறன்.

சூலூர்_பையன்:
எல்லாருக்கும் தேங்க்ஸ், 'ஃபர்ஸ்ட் லைட்'டும் 1965 புக்கும் ஆர்டர் போட்டாச்சு, சாமுராய் சண்டைய நீங்க ரெண்டு பேரும் முடிச்சிட்டு சொல்லுங்க. உப்புவெளி அண்ணா, நீங்க எழுதினதை அம்மாகிட்ட படிச்சு காட்டினேன். பொம்மை ஃபைட்டர் வாங்கித் தான்னு சின்ன வயசுல நான் அடம் பிடிச்சப்ப அப்பா கடைசி வரைக்கும் வாங்கியே தரலடான்னு சொன்னாங்க, எனக்கு அது மறந்தே போச்சு. கரிபு-ன்னு ஒரு சரக்கு விமானம் பொம்மைதான் மரத்துல அவரே செதுக்கிக் கொடுத்தார். பரண்ல இருக்கான்னு ஞாயித்துக்கிழமை பாக்கணும்.